பூச்சியே இல்லாத ஆறு வரிசைகள்

பயிரில் பூச்சி பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எத்தனை மரத்துக்கு ஒரு மரம் நின்று பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லப்போவது ஒரு வேலையை நான் இழந்த கதை. இழந்ததற்குக் காரணம் நான்தான் என்பதால் முழுக்கதையையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். இனிமேல் மறைத்து வைத்து என்ன செய்யப்போகிறேன்?

டெக்ஸாஸில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊருக்கு மேற்கே அரை மணி நேரம் போனால் வீடுகள் தீர்ந்து நெல் வயல்களும் புல்வெளிகளும் வரும். அங்கே செந்தில் என்று ஒருவர் தோட்டம் வைத்திருந்தார். ஈரோட்டுக்காரர். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போன பிறகு, இன்னொரு ஆபீஸ் வாசலில் போய் நிற்க மனம் வராமல் நிலம் வாங்கி கிராடம் மரம் வைத்தார்.

கிராடம் தென்கிழக்கு ஆசியாவின் மரம். நம் ஊர் நீர்க்கடம்புக்குப் பங்காளி. அதன் இலையை அங்கே உடலுழைப்பு செய்கிறவர்கள் மென்றுகொண்டே வேலை பார்ப்பார்கள். இங்கே காயவைத்துப் பொடியாக்கிக் குடிக்கிறார்கள். வலிக்குக் கேட்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், பழக்கமாகிவிடும், ஆபத்து என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க எனக்குத் தகுதி இல்லை. எங்கள் பக்கத்தில் அப்போது வளர்க்கத் தடை இல்லை. இலையை மனிதர்கள் வாயில் போடுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். இந்தக் கதைக்கு அது போதும்.

செவ்வாயும் வியாழனும் அங்கே போவேன். இருபத்திரண்டு வரிசை மரங்கள். குளிருக்கு பயந்து கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்க்கும் மரத்தை அவர் துணிந்து வெளியில் நட்டிருந்தார். வெளியில் இருக்கும் மரத்துக்கு வானத்திலும் மண்ணிலும் இருக்கிற எல்லாமே விருந்தாளி. ஒவ்வொரு வரிசையிலும் நடந்து, இலையைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்து, லாக் புக்கில் எழுத வேண்டும். காலை ஏழரைக்கு ஆரம்பித்தால் மதியம் வரை ஒரு வார்த்தை பேசத் தேவையிருக்காது.

இந்த வேலையின் தனிமையைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். கேட்டியில் எங்கள் நட்பு வட்டத்தில் எல்லாரும் ஐ.டி. அல்லது எண்ணெய். "எங்க ஒர்க் பண்றீங்க?" என்று கேட்டால் "நர்சரியில" என்பேன். ஒரு பெண்மணி மூன்று வருடம் என்னைக் குழந்தைகள் பள்ளி டீச்சர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தன் பேத்திக்கு அட்மிஷன் கேட்டபோதுதான் எனக்கே அது தெரிந்தது. விளக்கினேன். "ஓ, பூச்சியா," என்றார். அதற்கப்புறம் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை, எனக்குச் சொல்லவும் ஒன்றும் இல்லை.

என் கணவருக்கு வேலை நியூ ஜெர்சியில், எடிசன் நகரத்தில். முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. ஹூஸ்டனுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் என்னைத் தவிர சம்பளத்துக்கு இருந்தவர் சோம்சக் ஒருவர்தான். தெற்குத் தாய்லாந்துக்காரர், அறுபதை ஒட்டிய வயது. கிராடம் அவர் ஊர் மரம். காலையில் வேலை தொடங்கும் முன் நாலாவது வரிசைக்குப் போய், சிவப்பு நரம்பு ஓடும் மூன்று இலையைக் கிள்ளி, நடு நரம்பை உரித்துப் போட்டுவிட்டு மென்றுகொண்டே வருவார். செந்தில் எட்டரைக்கு மேல்தான் வருவார் என்பதால் அவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். மதியம் ஒரே ஷெட் நிழலில், அவர் டப்பா அவர் கையில், என் டப்பா என் கையில் என்று உட்கார்ந்து சாப்பிடுவோம். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். அதில் அவருக்கு அதிகம் வார்த்தை கிடையாது. எனக்கும் அந்த நேரத்தில் பேச்சு தேவைப்பட்டதில்லை.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்று. தோட்டத்து கேட்டில் காரை நிறுத்தும்போது கணவர் போன் செய்தார்.

"ஹூஸ்டன் டிரான்ஸ்ஃபர் வந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றார்.

"ஏங்க?"

"இங்க டீம் எல்லாம் செட் ஆயிடுச்சு. நீயும் அங்க செட் ஆயிட்ட. இப்படியே போகட்டுமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வானிலை சொல்வதுபோலச் சொன்னார். சரி என்று வைத்துவிட்டேன். காருக்குள் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. இறங்கும்போது தெற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. இடி வந்தால் வயலில் நிற்கக்கூடாது என்பதால் அவசரமாக நடந்தேன்.

ஒன்பதாவது வரிசையில் கிளைக் கவட்டைகளில் வெள்ளை வெள்ளையாக, மெழுகு நூல் தொங்கும் பூச்சிகளைப் பார்த்தேன். அடுத்த வரிசையிலும் இருந்தன. லென்ஸ் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. மாவுப்பூச்சி, கடுமை என்று லாக் புக்கில் எழுதினேன். மழை விட்டதும் எண்ணெய் மருந்து இரண்டு தடவை அடிக்கச் சொல்லி செந்திலுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவரும் சோம்சக்கும் அந்த வாரமும் அடுத்த வாரமும் எல்லா வரிசைக்கும் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு பூச்சி குறைந்திருக்க வேண்டும். கூடியது. இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தால் இலை பிசுபிசுவென்று ஒட்டுகிறது, கரும்பூசணம் படர்ந்திருக்கிறது, தண்டில் நெருப்பெறும்பு சாரை சாரையாக ஏறுகிறது. மாவுப்பூச்சி பட்டைக்கு அடியில் சுகமாக இருந்தது. ஒரு கவட்டையில் காய்ந்து ஒட்டியிருந்த வெள்ளை உருவம் ஒன்றை நகத்தால் பெயர்த்து லென்ஸில் வைத்தேன். நீளமான கால்கள். கடிக்கும் வாய்.

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு. அதன் புழு பார்ப்பதற்கு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டிருக்கும். கொஞ்சம் பெரிது. தொட்டால் விறுவிறுவென்று நடக்கும். கோயம்புத்தூரில் படித்தபோது ஒரு வருடம் முழுக்கப் பூசணிக்காயில் மாவுப்பூச்சி வளர்த்து, அந்த வண்டுக்குத் தீனி போட்டு வளர்த்தவள் நான். கூலியில்லாமல் வந்து வேலை செய்துகொண்டிருந்த காவல் படையைத்தான் மருந்தடித்துக் கொல்லச் சொல்லியிருக்கிறேன்.

மனம் சரியில்லாத நாளில் வேலைக்கே போகாதே என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அப்படிப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் வேலைக்கே போக முடியாது. அப்படிப்பட்ட நாளில் லாக் புக்கில் "இன்று சரியாகப் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். மறுநாள் வந்து பாருங்கள். அந்த ஒரு வரியை எழுத எனக்கு வெட்கமாக இருந்திருக்கும். எழுதாமல் விட்டதால் என்ன ஆயிற்று என்பதைத் தொடர்ந்து படியுங்கள்.

அந்தச் செவ்வாயன்று செந்திலிடம் நான் இதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவரே கருத்த முகத்தோடு வந்தார்.

"அக்கா, ஜூலை கடைசில இலை வாங்குற பையர் வர்றாருங்க. மரத்தைப் பாத்தா அப்படியே திரும்பிப் போயிருவாரு. வேருல ஊத்துற மருந்து ஒண்ணு இருக்குதாமா. ஒரு தடவை ஊத்துனா ஒரு வருசத்துக்குப் பூச்சி கிட்ட வராதுன்னு வீடியோல பாத்தேன்."

"அது அழகுக்கு வைக்கிற செடிக்கு ஊத்தறது செந்தில். லேபிள்ல இந்த மரமே கிடையாது. இதை மனுசன் திங்கறான்."

"பறிச்சதும் நல்லா கழுவிட்டா?"

"இலை மேல இருந்தா கழுவலாம். இலைக்குள்ளயே இருந்தா எதைக் கழுவுவீங்க?"

வேறு வழியைச் சொன்னேன். ரொம்ப மோசமான கிளையை வெட்டலாம், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம், மாவுப்பூச்சியைப் பாதுகாக்கும் எறும்புக்கு நஞ்சு இரை வைக்கலாம், பொறிவண்டு வரவழைத்து விடலாம். இந்த அறுவடை போகும், அடுத்தது தேறும். முதலிலேயே இங்கே வண்டு இருந்தது, நான்தான் கொன்றேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. அவர் என்னை நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையை உடைக்க மனம் வரவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. வாரத்தில் இரண்டு நாள் போக எனக்கு ஓர் இடம் இருந்தது. அது போய்விடுமே என்ற பயம்.

"பாக்கலாங்க்கா," என்று போய்விட்டார்.

எல்லா வரிசையிலும் நடந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, சோம்சக்கும் நானும் வெட்டும் வேலையை ஆரம்பித்தோம். தோட்டத்தின் கிழக்குக் கோடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையாக நாலு மரம், ஐந்து மரம் என்று நகர்ந்தோம். மேற்குப் பக்கத்து வரிசைகளுக்கு வந்து சேரவே கிட்டத்தட்ட மூன்று வாரம் ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை காலையிலேயே ஏழாவது வரிசையை முடித்து ஆறாவதில் கால் வைத்தேன்.

புதுத் துளிர் பளபளவென்று இருந்தது. இலையைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. பட்டையைக் கிளப்பினேன். செத்துச் சருகான மாவுப்பூச்சி மட்டும். தண்டில் ஓர் எறும்புகூட இல்லை. ஐந்து, நான்கு, மூன்று என்று கடைசி வரை நடந்தேன். எல்லாம் அப்படியே. திரும்பி வந்து ஏழாவதில் நாங்கள் வெட்டாமல் விட்டிருந்த ஒரு கிளையைப் பார்த்தேன். பூச்சி மொய்த்தது. பூச்சி வரிசை நம்பர் பார்த்து நிற்காது. மனிதன்தான் கோடு போட்டு நிறுத்துவான்.

சோம்சக்கைத் தேடிப் போனேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசியுங்கள். என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. மருந்து டப்பாவை நான் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கொடுத்து இலையைச் சோதித்தால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். என் சந்தேகம் தப்பாக இருந்தால் முதலாளிமேல் பழி போட்டவள் ஆவேன். ஏற்கெனவே ஒருமுறை கண்ணால் பார்த்தே தப்பாகச் சொன்னவள். அந்த நினைப்பெல்லாம் சில அடி தூரம் நடப்பதற்குள் வந்துபோனது. கடைசியில் ஒரே ஒரு கணக்குதான் மிஞ்சியது. தப்பாக எச்சரித்தால் எனக்கு அவமானம். எச்சரிக்காமல் விட்டால் அவர் உடம்பு.

"துப்புங்க," என்றேன். ஆங்கிலத்தில்தான். அவருக்குப் புரியாததுபோல் பார்த்தார். என் உள்ளங்கையை அவர் வாய்க்கு நேரே நீட்டினேன். துப்பினார்.

"சனி, ஞாயிறுல இங்க யாராவது வேலை செஞ்சாங்களா?"

யோசித்தார். "பாஸ். தனியா. சனிக்கிழமை. தண்ணி வண்டி எடுத்தாரு." விரல் விட்டு எண்ணினார். பத்தொன்பது நாளாகியிருந்தது.

அந்தப் பத்தொன்பது நாளும் நாலாவது வரிசையில்தான் இலை கிள்ளினாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். உடம்பு எப்படி என்றதற்கு, ஒரு வாரமாகத் தலைவலி, வயிற்றுப் புரட்டல், வெயில்தான் காரணம் என்று நினைத்ததாகச் சொன்னார். விஷ முறிவு ஆலோசனை எண்ணுக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். அவர்கள் கேட்ட கேள்வியை நான் கேட்டு, அவர் சொன்ன பதிலை நான் சொல்லி, இன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று முடிந்தது. அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போனேன்.

செந்தில் அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மேற்குப் பக்கம் ஆறு வரிசைக்கு வேருல ஊத்துனீங்களா?"

நிமிரவில்லை. "ஆறு வரிசைதாங்க்கா. மிச்சதுக்கு நீங்க சொன்னபடிதான பண்றோம்."

"சோம்சக் தினமும் அந்த இலையைத் திங்கறார்."

"என்னது?"

"மூணு இலை. காலைல. நாலாவது வரிசையில."

பெட்டியைக் கீழே போட்டார். பக்கத்தில் இருந்த பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதுங்க்கா. சாமி சத்தியமா தெரியாது."

"அவர் தின்னுறது உங்களுக்குத் தெரியாது. வாங்கிட்டுப் போறவங்க தின்னுவாங்கன்னு தெரியும்ல?"

அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அதை அங்கே நிறுத்த முடியவில்லை. "இன்னொண்ணு. மொதல் தப்பு என்னோடது," என்றேன். போன், மழை, லென்ஸ், செத்த வண்டுப் புழு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நீங்க மருந்தைப் பத்திக் கேட்டதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"அன்னைக்கே சொல்லிருந்தீங்கன்னா," என்று ஆரம்பித்து, மீதியை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் காத்திருப்பாரா, ஊற்றாமல் இருந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஆறு வரிசை இலை வெளியே போகக்கூடாது என்றேன். மருந்து ஊற்றிய விவரத்தையும் என் தப்பையும் சேர்த்து லாக் புக்கில் எழுதினேன். திங்கட்கிழமைக்குள் அந்த மரங்களுக்கு ஒரு முடிவு கட்டவில்லை என்றால் மாநில வேளாண்மை ஆபீசுக்கு போன் செய்வேன் என்றும் சொன்னேன்.

"எழுதுங்க," என்றார். "எழுதிட்டு, இனிமே நீங்க வர வேண்டாங்க்கா."

சோம்சக்கை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். மருந்தாலா வெயிலாலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில நாளில் தலைவலி நின்றது. அதுவும் எதனால் என்று தெரியாது. இந்த வேலையில் நிறைய விஷயம் அப்படித்தான் முடியும், பதில் வராமலே.

வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தேன். கணவருக்கு போன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்," என்றார். அப்புறம் கூப்பிடவும் செய்தார். அதற்குள் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன்.

சனிக்கிழமை காலை இருப்புக் கொள்ளாமல் தோட்டத்துப் பக்கம் காரை ஓட்டிக்கொண்டு போனேன். உள்ளே போவதாக இல்லை. கேட்டுக்கு முன்னாலேயே மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. செந்தில் இரண்டாவது வரிசையை அறுத்துக்கொண்டிருந்தார். முதல் வரிசை தரையில் கிடந்தது. சோம்சக் கிளைகளை இழுத்துக் குப்பைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தொட்டியை வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும், ஒரு வீடு அளவுக்கு இருந்தது.

பூட்ஸும் கையுறையும் காரிலேயே இருந்தன. இறங்கிப் போனேன். செந்தில் என்னைப் பார்த்தார். மெஷினை நிறுத்தவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் மூன்றாவது வரிசைப் பக்கம் போய், அவர் அறுக்க அறுக்க இழுத்தேன். கிராடம் கட்டை பச்சையாக இருக்கும்போது நல்ல கனம். அந்தத் துளிரெல்லாம் அவ்வளவு அழகு, ஒரு பொத்தல்கூடக் கிடையாது. மூன்று பேரும் பகல் முழுக்க வேலை செய்தோம்.

நாலு மணிக்குக் கடைசி வரிசை முடிந்தது. செந்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெளம்புங்க்கா, ட்ராஃபிக் ஆயிடும்," என்றார். சனிக்கிழமை அந்தச் சாலையில் ட்ராஃபிக் கிடையாது. திங்கட்கிழமை நான் யாருக்கும் போன் செய்யவில்லை, தேவையிருக்கவில்லை. மிச்சமிருந்த வரிசைகளைத் தேற்றி, அவர் அடுத்த வருடம் அறுவடை எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. காய்கறிப் பண்ணைகளில் வேறு வேலை கிடைத்தது. அங்கெல்லாம் போன முதல் நாளே, முந்தைய இடத்தில் ஒரு பூச்சியைத் தப்பாகச் சொன்னேன் என்பதை மட்டும் நானாகவே சொல்லிவிடுவேன்.

அன்று காருக்குப் போகும்போது சோம்சக் கூட வந்தார்.

"பாஸ் சொன்னாரு. நீ நல்ல பூச்சியக் கொன்னுட்டன்னு."

"ஆமா."

"வெள்ளையா, பெருசா, நடக்கும். அதுவா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் பாப்பேன். இலை கிள்ளும்போது. அது நடந்து போய் மத்த வெள்ளையைத் திங்கும். மருந்து அடிக்கும்போது நெனச்சேன், ஏன் இதையும் அடிக்கிறோம்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் என்னைக் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு உண்மையிலேயே யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"நீ படிச்சவ. நீ கேக்கல."

மூன்று வருடம் ஒரே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருநாளும் நான் அவரிடம் மரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குப் பேச ஆளில்லை என்றுதான் அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.